ஆரக்கால் அடியில் மாட்டிய கொக்கி

என் அக்காவைத் தொழிற்சாலையில் எல்லோரும் தொட்டியக்கா என்பார்கள். சக்கர நாற்காலிகளுக்கான மெக்னீசியக் கலவைச் சக்கரங்களை மருந்துத் தண்ணீரில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, காப்புப் பூச்சு ஏற்றுவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக அதே தொட்டி. நான் தலை துவட்டாமல் வந்தால்கூட மன்னிப்பாள். பூச்சு ஏற்றாத சக்கரத்தில் சொட்டு ஈரம் நின்றால் அன்றைக்கு எல்லோரும் தொலைந்தோம். மெக்னீசியம் லேசானது, ஆனால் உப்பும் ஈரமும் பட்டால் அரித்துக்கொண்டே போகும்.

முக்கும்போது சக்கரத்தைக் கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கி தொட்ட இடத்தில் பூச்சு ஏறாது. அதனால் அக்கா வெளிவிளிம்பில் மாட்டி, பிறகு அந்த இடத்தைப் பெயிண்டால் மூடுவாள். சின்னப் பொட்டு தெரியும். புதிதாக வந்த மேனேஜருக்கு அது கண்ணை உறுத்தியது.

"உள்பக்கம், ஆரக்கால் அடியில மாட்டும்மா. அங்க யாரு பார்க்கப் போறா? பெயிண்டும் வேணாம்."

"சார், உருளும்போது பாரத்தையெல்லாம் அங்கதான் வாங்குது. அரிச்சுக் குழி விழுந்தா அங்கிருந்தே விரிசல் விடும்."

"அப்படி மாட்டின சக்கரம் உப்புத்தண்ணி சோதனையில பாஸாயிடுச்சே!"

"சோதனையில சக்கரம் சும்மா நின்னுச்சு சார். மேல ஆள் உட்காரலையே!"

"நீ தொட்டியை மட்டும் பாரு."

பெரிய மேதாவி! அக்கா வந்து சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்காருகிறவன் நான். "சொல்லிப் பார்த்தாச்சுடா, வேலையை விட முடியுமா?" என்றாள். மறுநாளிலிருந்து அவன் சொன்னபடியே மாட்டினாள். அந்த மாதமே எனக்கும் புதுச் சக்கரங்கள் வந்தன.

எட்டு மாதம் கழித்து, ஒரு பள்ளிக்கூட டீச்சர் தன் சக்கர நாற்காலியில் சாலையைக் கடக்கும்போது ஆரக்கால் முறிந்து விழுந்தார். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. உடைந்த சக்கரம் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தது. கொக்கி மாட்டிய அதே இடத்தில்தான் முறிவு.

"மேனேஜர் என்ன சொன்னான்?"

"அந்தம்மா நாற்காலியைப் படியில இறக்கியிருப்பாங்களாம்."

பாவி! ஆத்திரத்தில் குனிந்து என் சக்கரத்தைப் பார்த்தேன். வெளிவிளிம்பில் பொட்டு இருந்தது.

"இது பழைய மாதிரி மாட்டினதாச்சே?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "உனக்குன்னு தனியா எடுத்து வச்சேன்டா."

என் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"டீச்சருக்குத் தொட்டியில வேலை பார்க்கிற அக்கா இல்லை, அதனால விழணுமா? கழட்டு இதை! நாளைக்கு அவன் சொன்னபடி மாட்டினதைக் கொண்டு வா. அதுலதான் போவேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஏன், பயமா இருக்கா? அப்ப மத்தவங்க?"

அக்கா விருட்டென்று எழுந்தாள். அறையப் போகிறாள் என்றே நினைத்தேன். பையிலிருந்து, முக்கிய சக்கரங்களின் நம்பரெல்லாம் குறித்த வேலை நோட்டை எடுத்து, சக்கரங்களை விற்கும் கடைக்குப் போன் போட்டாள்.

"இருக்கிறதை விக்காதீங்க. வித்ததைத் திரும்ப வாங்குங்க. நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

முதல் நம்பரைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. மூன்றாவதில் கத்திக்கொண்டிருந்தாள். கடைக்காரர் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"ஆமாங்க, என் பேரையே எழுதுங்க. மாட்டினது நான்தான்."