கஸ்தூரி அக்காவும் சிம்பன்சி நோட்டும்

திங்கட்கிழமை காலை ஸ்மார்ட் வகுப்பறையின் சாவி வரவில்லை. நாங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மாடியில், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருந்தோம். வாட்ச்மேன் அண்ணன் மெதுவாக ஏறி வந்தார். "கஸ்தூரி இனிமே வராதும்மா. நேத்து நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிடுச்சு" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. பையிலிருந்த நோட்டை இன்னும் உள்ளே தள்ளினேன். ஏன் தள்ளினேன் என்பதை, அக்காவை அறிந்த நம் பள்ளித் தோழிகளான உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அக்கா நம் பள்ளியின் அலுவலக உதவியாளர். மணி அடிப்பார், சுற்றறிக்கை கொண்டுவருவார், புரொஜெக்டர் போடுவார். அவருக்கு ஒரு படத்தின்மீது பைத்தியம் என்பது சிலருக்கே தெரியும். ஆப்பிரிக்கக் காட்டில் சிம்பன்சிகளோடு பல வருடம் இருந்த ஒரு பெண் ஆய்வாளரைப் பற்றிய ஆவணப்படம் அது. படம் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். "இன்னா சொல்லுது அந்தம்மா? சொல்லேன்டி" என்று நிமிடத்துக்கு ஒருமுறை இடிப்பார். ஐந்து தடவையாவது பார்த்திருப்போம்.

அந்த ஆய்வாளர் நோட்டில் நடுக்கோடு போட்டு, பார்த்ததை இடப்பக்கமும் நினைத்ததை வலப்பக்கமும் எழுதுவார். ஒரு தாய்ச் சிம்பன்சி செத்த குட்டியைச் சுமந்து நடக்கும் காட்சியில் நான், "அழுவுதுக்கா" என்றேன். அக்கா படத்தை நிறுத்தினார். "கண்ணுல தண்ணி தெரியுதா? இல்லல்ல? இந்தப் பக்கம் கண்ணு, அந்தப் பக்கம் மனசு. கலக்காதே" என்றார். ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

மறுநாளே நாங்களும் ஒரு நோட்டுப் போட்டோம். மலையிலிருந்து இறங்கிப் பள்ளி வேப்பமரத்துக்கு வரும் குரங்குகளை மாடிப்படி ஜன்னலில் நின்று எழுதினோம். "பௌர்ணமிக்கு மறுநாள் கம்மியாத்தான் வரும். கிரிவலப் பாதையில பழம் ஜாஸ்தி" என்பார் அக்கா. "அது மனசுப் பக்கம்" என்று நான் மடக்குவேன். "இன்னாடி, எனக்கே ரூலா? எங்க ஊரு அடி அண்ணாமலையில அதுங்க துன்றத இந்தக் கண்ணால பாத்தேன்!" என்பார்.

போன மாதம் ஒருநாள் அக்கா படியேறி வருவதை விளையாட்டாக எழுதினேன். 'ஏழாம் படியில் நின்றார். கைப்பிடியைப் பிடித்தார். இடது தோளைத் தேய்த்தார். நெற்றியில் வியர்வை.' எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னையும் குரங்கு லிஸ்ட்ல சேத்துட்டியா? வெறும் கேஸுடி, வாயு. காலையில போண்டா ஜாஸ்தி ஆயிடுச்சு." அதன்பின் இன்னும் இரண்டு முறை எழுதினேன். இரண்டாவது முறை ஐந்தாம் படி, மூன்றாவது முறை நான்காம் படி. வலப்பக்கம் எதுவும் எழுதவில்லை. அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். கேட்டால் மறுபடியும் சிரிப்பாரே என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் காலி இடத்தைத்தான் பையில் ஒளித்தேன்.

ஐந்தாம் நாள் அம்மாவோடு அடி அண்ணாமலைக்குப் போனேன். அக்காவின் கணவர், எனக்கு மாமா முறை, பாதையோரம் டீக்கடை வைத்திருக்கிறார். கடை மூடியிருந்தது. நோட்டை அவரிடம் நீட்டினேன். மூன்று குறிப்புகளையும் விரல் வைத்துப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"என்கிட்டயும் கேஸுன்னுதான் சொன்னா பாப்பா. நான் சோடா ஒடச்சுக் குடுத்தேன்" என்றார்.

நோட்டை அவரிடமே விட்டுவரப் பார்த்தேன். "நீயே வச்சுக்கோ. கொரங்குங்க வரும் இல்ல" என்று திருப்பித் தந்தார். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நோட்டு, அதன் நடுக்கோடு, பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கம். கூடவே, நினைத்ததைச் சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்ற ஒரு பயம். அதையும் நான் விடப்போவதில்லை.

எங்களை வழியனுப்ப எழுந்த மாமா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு முறை மூச்சை இழுத்தார். நான் நோட்டைத் திறக்கவில்லை.

"மாமா, உங்களுக்கு முடியலன்னு நினைக்கிறேன். நாளைக்கு டாக்டரைப் பார்க்கலாம். நாங்க கூட வர்றோம்" என்றேன்.

"அது கேஸு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். என் கையிலிருந்த நோட்டையே பார்த்தார்.

"எத்தினி மணிக்கும்மா?" என்றார்.