ராதோய்காவின் ஈரப் பாவாடை

விர்னியாச்கா பான்யா ஊரில், காதல் பாலத்தின் முனையில் ராதோய்கா அக்கா பூட்டு விற்கிறாள். பக்கத்தில் என் அவித்த சோளக் கடை. ஜோடிகள் பெயர் பொறித்த பூட்டை அவளிடம் வாங்கி, கம்பியில் மாட்டிப் பூட்டி, சாவியை ஓடையில் எறிவார்கள். முத்தம் முடிந்ததும் பசிக்கும், என்னிடம் வருவார்கள்.

அக்காவின் பூட்டும் அங்கே தொங்குகிறது. கூட நின்று பூட்டிய கணவன், பெல்கிரேடில் இன்னொருத்தியோடு இன்னொரு பாலத்தில் பூட்டு மாட்டியது தெரிந்த அன்றே அவனை வெளியே அனுப்பினாள். "மொத்தம் எத்தனை சாவிடா வச்சிருக்க?" என்று கேட்டாளாம். ஊர் சிரித்தது. ஆனால் அந்தக் கோடையில் கல்யாணக் கூட்டங்கள் அவள் கடையைத் தாண்டிப் போயின. ராசியில்லாத கை என்று பேச்சு. கல்யாணங்கள் வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். அவளோ யாரையும் கூப்பிடவில்லை. பூட்டுகளைத் துடைத்துத் துடைத்து வெயிலில் மின்னவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை எக்காளம் முழங்க ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா மிலுங்கா கடை வாசலில் நின்று சத்தமாகவே சொன்னாள்: "எங்க மாமனார் களஞ்சியத்துப் பூட்டு இருக்கு. புருஷனை விரட்டினவ பூட்டு நமக்கெதுக்கு?"

"கனமான பூட்டுதான். கம்பி தாங்கட்டும்" என்றாள் அக்கா.

மாப்பிள்ளை ஒக்னென் பூட்டை மாட்டினான். "எறி! எறி!" என்று கூட்டம் கத்த, சாவியை வீசிவிட்டான். பிறகு பூட்டை அழுத்தினான். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் புதுப் பூட்டா அது? சாவி போட்டுத் திருக வேண்டிய பழையது. வாய் திறந்தே தொங்கியது.

எக்காளம் பாதியில் நின்றது. மிலுங்கா சிலுவைக்குறி போட்டாள். "திறந்த பூட்டோட எந்தக் கல்யாணம்டா நெலைக்கும்?" என்றார் ஒரு பெரியப்பா. மணப்பெண் துன்யா தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

அக்கா செருப்பைக் கழற்றினாள். கரைச்சரிவில் இறங்கி நேராக ஓடைக்குள் நடந்தாள். முழங்காலுக்கு மேல் தண்ணீர். அடியில் மீன்குஞ்சுகள் போலச் சின்னச் சின்னச் சாவிகள். அவற்றின் நடுவே உள்ளங்கை நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று. எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"இந்தா மாப்ளே. முதல்ல பூட்டணும், அப்புறம் எறியணும். ராத்திரியாவது எது முதல்லன்னு ஞாபகம் வச்சுக்க."

பாலமே சிரித்தது. மிலுங்கா மட்டும், "அவ கை பட்ட சாவி..." என்று இழுத்தாள்.

"அத்தை, அந்தக் கை இல்லேன்னா உங்க மாமனார் பூட்டு இப்பவும் கொட்டாவிதான் விட்டுக்கிட்டிருக்கும்" என்றாள் துன்யா. அக்காவின் ஈரக் கையைப் பிடித்து இழுத்து, ஒக்னென் பூட்டில் நுழைத்துப் பிடித்திருந்த சாவிமேல் வைத்தாள். மூன்று கைகள் சேர்ந்து திருகின. உள்ளே இரும்பு இடம் மாறும் சத்தம் என் கடைவரை கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மிலுங்கா பிளம் பழச் சாராயப் புட்டியோடு கடைக்கு வந்தாள். "குடி. சளி பிடிச்சுக்கும்." அக்கா குடித்தாள். மிலுங்கா பூட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த சனிக்கிழமை என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம்."

"பேரைச் சொல்லுங்க. பொறிச்சு வைக்கிறேன்."

"அக்கா, வீட்டுக்குப் போய்ப் பாவாடையை மாத்திக்கிட்டு வாங்க, கடையை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"காயட்டும்டா, என்ன அவசரம்?"

சாயங்காலம்வரை அவள் அதை மாற்றவே இல்லை. ஏன் ஈரம் என்று கேட்டவர்களுக்குச் சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.