சூடு பண்ணாத நூடுல்ஸ்

நாட்டின் வடக்கு எல்லையில் அந்நியக் காக்கை ஒன்றுகூட உள்ளே வராமல் காத்த வேல்பாண்டியால், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வன்னியம்பட்டியில் தன் வீட்டு அடுப்பிடமிருந்து ஒரு கிண்ணம் நூடுல்ஸைக் காக்க முடியவில்லை. எதிரி அவ்வளவு பலம். பெயர் முனீஸ்வரி. உறவுமுறையில் மனைவி.

வேல்பாண்டி ராணுவத்தில் லாரி ஓட்டி, ஹவில்தாராக ஓய்வுபெற்று, இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை வாசலில் காவல் இருக்கிறார். உள்ளே போகும் காருக்கெல்லாம் சல்யூட். முதலாளிக்கும் அதே சல்யூட்தான், முதலாளியின் நாய் தனியாக டாக்டரிடம் போகும்போதும் அதே சல்யூட்தான். ராணுவத்தில் பாகுபாடு கற்றுத் தரவில்லை.

நூடுல்ஸ் கதை அந்த வடக்கு எல்லைப் பக்கத்து லே நகரத்துக் கடைவீதியில் தொடங்குகிறது. அங்கே ஒரு சுவரோரம் திபெத்துக்காரப் பெண்மணி ஒருவர் லாஃபிங் என்றொரு பண்டம் விற்பார். மாவைக் காய்ச்சி ஆறவைத்துப் பட்டை பட்டையாக நறுக்கியது. மேலே மிளகாய் எண்ணெய், பூண்டுத் தண்ணீர், வினிகர், சோயா. கறி இல்லை, முட்டை இல்லை. முக்கியமாக, சூடு இல்லை. மூக்கில் வடிவது மீசையில் உறையும் குளிரில், பல் கிட்டக் கிட்ட நின்று தின்ன வேண்டும். உறைப்பில் கண்ணீர் வரும். அது ஒன்றுதான் அந்த ஊரில் சூடாக இருக்கும்.

கூட நின்று தின்றவர் பாசங். டார்ஜிலிங்காரர், அதே லாரிக்கு மாற்று டிரைவர், வேல்பாண்டியை ‘பாண்டே’ ஆக்கியவர். ஒரே கிண்ணம்தான் வாங்குவார்கள். முழங்கையால் முழங்கையை இடித்துத் தள்ளிவிட்டு அள்ளுவதில்தான் ருசி.

“பாண்டே, இந்தக் குளிரில் இதைத் தின்கிற நாம் கிறுக்கர்கள். இது உன் ஊர் வெயிலுக்கு உண்டான பண்டம். அங்கே வைத்துத்தான் தின்ன வேண்டும்” என்பார் பாசங் இந்தியில்.

“வா” என்பார் வேல்பாண்டி.

“வருகிறேன்” என்பார் பாசங்.

இருவரும் ஓய்வுபெற்றார்கள். கொஞ்ச காலம் போனில் பேசினார்கள். பிறகு, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்லத் தொடங்கியது. வேல்பாண்டி அந்தக் குரலோடு சண்டை போட்டுப் பார்த்தார். அது மரியாதையாக மறுபடியும் அதையே சொன்னது.

ஆகவே சமைக்க ஆரம்பித்தார்.

லாஃபிங்குக்கு மாவு காய்ச்ச அவருக்குக் கை வரவில்லை. குறுக்குவழி கண்டுபிடித்தார். ராஜபாளையத்தில் வாங்கிய நூடுல்ஸை வேகவைத்து, வடித்து, பானைத் தண்ணீரில் அலசி, நல்லெண்ணெய் பிசிறி வைப்பது. சாத்தூர் வெள்ளரிக்காயை மெலிதாக அரிவது. இடித்த வற்றல் மிளகாயும் நசுக்கிய பூண்டும் கிண்ணத்தில் இருக்க, அதன் தலையில் காய்ந்த எண்ணெயை ஊற்றுவது. சோயா, வினிகர், துளி சீனி, வறுத்த நிலக்கடலைத் தூள். கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால் தீர்ந்தது. எண்ணெய்க் குளியலுக்குத் தண்ணீர் காய்வதற்குள் முடிந்துவிடும்.

அலசிக்கொண்டிருக்கும்போதே முனீஸ்வரி வந்துவிட்டார்.

“வெந்ததப் போயி ஏங்க கழுவுதிய?”

“இது ஆறித்தாம்ட்டி இருக்கணும்.”

“ஆறின சோறா? என் வீட்டுலயா?”

இதற்கு ஒரு பின்கதை உண்டு. மலை மேலிருந்து போனில் பேசும்போது ஒருமுறை, “சாப்பாடு வாய்க்கு வாரதுக்குள்ள கல்லாப் போயிருது முனீசு” என்று புலம்பிவிட்டார் வேல்பாண்டி. புலம்பும் ஆண்கள் பின்விளைவை யோசிப்பதில்லை. முனீஸ்வரி அன்றைக்கே மாரியம்மன் கோயிலுக்குப் போய், ‘ஊருக்கு வரட்டும், இந்த மனுசனுக்கு ஆறினது எதையும் என் கையால போட மாட்டேன்’ என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். நூடுல்ஸுக்கு விலக்கு உண்டா என்று மாரியம்மனிடம் அப்போது யாரும் கேட்டு வைக்கவில்லை.

வேல்பாண்டி குளிக்கப் போன நேரத்தில் கிண்ணம் வாணலிக்கு ஏறியது. கடுகும் கருவேப்பிலையும் தாளித்துப் பிரட்டியதில் எழுந்த வினிகர் நெடிக்கு, அடுத்த வீட்டு மாரியாத்தாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, பினாயிலவா காய்ச்சுத?”

ஆவி பறக்கப் பறக்க வந்த அந்தக் களியை வேல்பாண்டி தின்று முடித்து, “நல்லாருக்கு” என்றார். ராணுவக் கட்டுப்பாடு.

வாதாடியும் பார்த்தார். “கஞ்சிய மட்டும் ஆறவச்சுத்தான குடிக்கோம்?”

“கஞ்சி என்னைக்கிங்க சூடா இருந்துச்சு, ஆறுறதுக்கு?”

அடுத்த முறை கிண்ணத்தை ஃபிரிட்ஜில் மாவுச் சட்டிக்குப் பின்னால் ஒளித்தார், பிடிபட்டது. டப்பாவில் மில்லுக்கே கொண்டுபோனார். மத்தியானத்துக்குள் தகரக் கூரை அதைச் சுட வைத்துவிட்டது. ராஜபாளையம் வெயிலும் முனீஸ்வரி கட்சிதான்.

புரட்டாசிச் சனிக்கிழமை வந்தது. முனீஸ்வரி விடிவதற்குள் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குத் திருவண்ணாமலை என்றால் பக்கத்தில் இருக்கும் பெருமாள் மலைதான். இன்னொன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். வேல்பாண்டிக்கு அன்று விடுமுறை. பதறாமல் செய்தார். குளிர வைத்தார். ஒரு வாய் அள்ளினார்.

அதேதான். அந்தச் சுவர், டீசல் வாடை, காதை அறுக்கும் காற்று எல்லாம் வந்துவிட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். கேஸ் சிலிண்டர் நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது வாய் இறங்கவில்லை. கிண்ணத்தை மூடித் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டார்.

உச்சி வெயிலில் முகம் வெந்து வந்த முனீஸ்வரி, தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அடுப்பைப் பற்றவைத்து வாணலியை ஏற்றினார். வழக்கமாக இந்த இடத்தில் வேல்பாண்டியிடமிருந்து ஒரு சத்தம் வரும். வரவில்லை என்றதும் திரும்பிப் பார்த்தார்.

“நான் இல்லாத நேரம் பாத்துத்தான செஞ்சிய? பொறவு ஏன் திங்கல?”

“ஒத்தையில எறங்கல. சூடு பண்ணு, பரவால்ல.”

அந்தப் ‘பரவால்ல’ முனீஸ்வரிக்குப் பிடிக்கவில்லை. அடுப்பை அணைத்தார். கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

“ஒங்களுக்குப் போட மாட்டேன்னுதான் சூடத்த அணைச்சேன். நான் திங்க மாட்டேன்னு சொல்லல. நீங்களா எடுத்துக்கிட்டா நான் போட்டதாவும் ஆகாது.”

வேல்பாண்டி பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கை இடித்தது.

“யாத்தே, எம்புட்டு உறைப்பு!” கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுபடி அள்ளினார் முனீஸ்வரி. “ஆனா இந்த வெக்கைக்குத் தொண்டையில சில்லுன்னு போவுது. அங்கன யாருகூட நின்னு தின்னிய?”

இத்தனை காலத்தில் அவர் இதைக் கேட்டதே இல்லை. வேல்பாண்டி சொன்னார். லாரி, சுவர், பாண்டே, ஒரே கிண்ணம், வருகிறேன் என்றது வரைக்கும் சொன்னார். அதற்குப் பிறகு உள்ளதைச் சொல்லவில்லை.

முனீஸ்வரி யோசித்தார். “விருந்தாளிக்கு ஆறினதப் போடுறது மொறையில்ல.” இன்னொரு வாய் தின்றார். “சரி, வரச் சொல்லுங்க. அவியளே எடுத்துத் தின்னட்டும். நான் அடுப்பப் பத்த வைக்க மாட்டேன். இப்பவே சொல்லுங்க.”

வேல்பாண்டி கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். அந்தப் பெண்குரல் வெளியே கசிந்துவிடாமல் காதோடு இறுக்கி வைத்துக்கொண்டார்.

“என்னங்க சொல்லுதாவ?”

“வண்டி ஓட்டுதான் போல” என்றார் வேல்பாண்டி. “எடுக்கல.”