உயிர்ப்பு ஞாயிறில் ஓர் ஒப்பீஸ்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் நான் நேரே வீட்டுக்கு வருவதில்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்குப் போய், என் வீட்டுக்காரர் குழியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் வருவேன். அவர் போனதிலிருந்து அப்படித்தான். இந்த வருஷம் ஒரு வெள்ளியன்று போய்ப் பார்த்தால் குழி இருக்கிறது, அவர் இல்லை.

புது மணல் குவிந்திருந்தது. தலைமாட்டில் வேறு யாருடைய சிலுவையோ நட்டிருந்தது. மேலே கிடந்த மாலைகள் இன்னும் வாடவில்லை. இடம் தவறி வந்துவிட்டேனோ என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். தவறவில்லை. தலைமாட்டில் நான் வைத்து வளர்த்த நித்தியகல்யாணிச் செடியைப் பிடுங்கி மதிலோரம் குப்பையில் எறிந்திருந்தார்கள். வேரில் மண் இல்லை. காய்ந்து கயிறாகக் கிடந்தது. அந்த நிலையிலும் நுனியில் இரண்டு பூ விரிந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஆறுதல் வரவில்லை. இந்த நேரத்தில் உனக்கு என்ன பூ வேண்டிக் கிடக்கிறது என்று அதன்மேலும் எரிச்சல்தான் வந்தது.

நாங்கள் பிழைக்க வந்த இந்த மட்டாஞ்சேரியில் மண்ணுக்குப் பஞ்சம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். வசதியுள்ள குடும்பங்களுக்குக் கல் பதித்த சொந்தக் கல்லறை உண்டு. எங்களைப் போன்றவர்களுக்குப் பொதுக்குழிதான். சில வருஷம் கிடக்கலாம். அப்புறம் எலும்புகளை எடுத்து மூலையில் இருக்கிற அஸ்திக்குழியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் அடுத்தவரை வைப்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. அதற்காக நான் கோபப்படவில்லை. எடுப்பதற்கு முன்னால் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். வீட்டார் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். சாமியார் ஒப்பீஸ் சொல்ல வேண்டும், அதாவது குழிக்கரையில் இறந்தவருக்காகச் சொல்கிற ஜெபம். அதுதான் முறை. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பஜார் ரோட்டில் ஆயுள் முழுக்க மிளகு மூட்டை சுமந்த மனுஷனை, ஒரு மூட்டையைப் போல, கேட்க ஆளில்லாமல் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

கோயில் வேலைகளைப் பார்க்கிறவரை எங்கள் ஊரில் உபதேசியார் என்போம். இங்கே கப்யார். அவர் வராந்தாவில் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் மகன் வயதுதான் இருக்கும்.

"அம்மச்சி, குறே ஞாயிறா விளிச்சுச் சொன்னோமே. கேட்டில்லே?"

பல ஞாயிறாகக் கூப்பிட்டுச் சொன்னார்களாம். "எந்தப் பூசையில?"

"ராவிலத்தே பூசையில."

காலைப் பூசை மலையாளப் பூசை. நாங்கள் தமிழ்க்காரர்கள் வருவது சாயங்காலம் நாலு மணிப் பூசைக்கு. அது அவருக்குத் தெரியாதா? மணி அடிக்கிறவரே அவர்தான். அதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் "சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் எப்போதும் அப்படித்தான். எதிரில் ஆள் நின்றால் கண் தரையைப் பார்க்கும், வாய் தானாகச் சரி என்றுவிடும். என்ன சரி? எது சரி? வீடு வரும்வரை அந்தச் சொல்லை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

மகன் காக்கநாட்டில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். இரவுச் சாப்பாட்டில் அவனிடம் சொன்னேன்.

"விடும்மா. எலும்புதானே. அப்பா மோட்சத்துல இருக்காரு."

"எலும்புதானேன்னா, சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்னு ஞாயிறு தவறாம வாய் நிறையச் சொல்றியே, அது எதுக்குடா? செத்த சரீரம் எழும்பும்னுதானே சொல்றோம், சரீரம்னா காத்தா?"

அவன் மீனில் முள் எடுப்பதுபோல் குனிந்துகொண்டான். தட்டில் மீனே இல்லை. தவக்காலத்தில் நாங்கள் மீன் வாங்குவதில்லை.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் புதிதாக வந்த இளம் சாமியார் பிரசங்கம் வைத்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நல்ல பிள்ளைதான். வசந்தகாலம் வந்துவிட்டது என்று ஆரம்பித்தார். பனி உருகுகிறதாம். மொட்டை மரங்கள் துளிர்க்கின்றனவாம். மண்ணுக்குள் உறங்கிய கிழங்குகள் கண் விழித்துப் பூக்கின்றனவாம். இவை எல்லாம் உயிர்ப்பின் அடையாளங்களாம். தலைக்கு மேலே காற்றாடி கிறீச்சிட்டுச் சுற்றியது. முதுகில் வேர்வை வழிந்தது. தெருக்குழாய் காற்றை ஊதிக்கொண்டு கிடக்க, நாங்கள் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த வாரம் அது. அந்த வாரமே வேலியேற்றத்தில், அதாவது கடல் பெருக்கில், காயல் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, வடிந்த பிறகு தரையெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டுக்காரி என் காதருகே வந்தாள். "பனியாம்ல அக்கா! குழாயில தண்ணி வரட்டும், அதுதான் உயிர்ப்புன்னு நான் ஒத்துக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்ணுக்குள் இருப்பது எழும்பும் என்கிறீர்களே சாமி, மண்ணுக்குள் இருந்ததை எடுத்து எங்கே போட்டீர்கள் என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பூசை முடிந்ததும் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. அவளுடைய தாயாரும் பொதுக்குழியில்தான்.

"போக்கா, போய்க் கேளு. இன்னைக்கு நீ கேக்காம விட்டா நாளைக்கு எங்க ஆத்தாளையும் இப்படித்தான் வாரிப் போடுவானுங்க." என்னைச் சாமியார் உடுப்பு மாற்றுகிற அறை வரைக்கும் தள்ளிக்கொண்டே போய் விட்டாள்.

நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாமி, எங்க வீட்டுக்காரரை எங்க வச்சீங்க?"

சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. கப்யார்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "அஸ்திக்குழியில. வேறெவிட, அம்மச்சி?" வேறெங்கே என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் என் வாயைத் திறந்துவிட்டது. குழி, சிலுவை, காலைப் பூசை, எனக்கு யாரும் சொல்லாதது, ஒப்பீஸ் இல்லாமல் எடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே கேட்காத என் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

சாமியார் முகம் சுண்டிப்போனது. "எனக்குத் தெரியாதும்மா. தப்புதான். பெரிய வாரம் வேலையாயிடும். ஈஸ்டர் முடிஞ்சு ஒரு நாள் ஒப்பீஸ் சொல்லிடறேன்."

"ஈஸ்டர் அன்னைக்கே சொல்லுங்க, சாமி."

"ஈஸ்டருக்கு ஆராவது ஒப்பீஸ் சொல்லுமோ?" என்றார் கப்யார்.

"அன்னைக்குச் சொல்லாம வேற என்னைக்குச் சொல்லுவீங்க? விடியக்காலம் ஆண்டவர் கல்லறைக்குப் போன பொம்பளைங்க வேடிக்கை பார்க்கவா போனாங்க? எங்க வச்சீங்கன்னு கேட்டு அழுதுக்கிட்டுத்தானே நின்னாங்க?"

சாமியார் கையிலிருந்த உடுப்பை மடித்து வைத்தார். பிறகு, "சரிம்மா. அன்னைக்கே" என்றார்.

வெளியே வந்ததும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனைச் சாயாக்கடையில் ஆண்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு சாயா வாங்கிக் குடித்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை. எதிரே பழைய பண்டகசாலை மதிலுக்கு மேலே கொன்றை கொத்துக் கொத்தாகத் தொங்கியது. விஷுவுக்கு முன்னாலேயே பூத்துவிட்டது என்று கடைக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பனி போனதற்காக இங்கே ஒன்றும் பூப்பதில்லை. வெயில் தாங்க முடியாமல் போனால்தான் இந்த மரம் இப்படி வெடித்துப் பூக்கும். மழை பெய்து ஊரெல்லாம் குளிர்ந்து கிடக்கிற மாசங்களில் அது ஒரு பூ கூடப் பூக்காது. சாமியாரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

உயிர்ப்பு ஞாயிறன்று நாலு மணிப் பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நானும் அடுத்த வீட்டுக்காரியும் மட்டும்தான் இருப்போம் என்று நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் தமிழ்ப் பூசைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பின்னால் வருகிறார்கள். ஓட்டலில் வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், காயலுக்கு அந்தப் பக்கம் பிராட்வேயில் தெருவோரம் துணி விற்கிற பெண், எல்லோரும் ஈஸ்டர் உடுப்பில். அடுத்த வீட்டுக்காரி வாய் சும்மா இருந்திருக்காது என்று அப்போதுதான் புரிந்தது.

அஸ்திக்குழியைச் சிமெண்டுப் பலகையால் மூடியிருந்தார்கள். சாமியார் வெள்ளை உடுப்போடு அதன் அருகில் நின்றார். கப்யார் தூபக்கலசத்தைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார். நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

"பேரு சொல்லுங்கம்மா" என்றார் சாமியார்.

எனக்குத் திக்கென்றது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் பக்கம் பெண்கள் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் மகன்தான் சொல்லுவான். அன்றைக்கு அவனுக்கு வேன் ஓட்டம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கப்யாரும் பார்த்தார். பேர் இல்லாத மூட்டை என்றுதானே நினைத்தாய் என்று உள்ளே கொதித்தது. சொன்னேன். அவர் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் சேர்த்து, மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னேன்.

சாமியார் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபம் தொடங்கினார். முடிக்கவில்லை, அதற்குள் பின்னால் நின்ற துணி விற்கும் பெண் பொதுக்குழியில் புதைத்த தன் குழந்தையின் பெயரைச் சொன்னாள். அப்புறம் ஒரு கிழவர். அப்புறம் இன்னொருத்தி. சாமியார் ஒவ்வொரு பெயரையும் வாங்கி ஜெபத்தில் சேர்த்துக்கொண்டே போனார். தூபம் அணைந்துவிட்டது. கப்யார் சாவிக்கொத்தை ஆட்டினார்.

"நேரமாச்சு. கேட் அடைக்கணும்."

அடுத்த வீட்டுக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நில்லு சேட்டா. எங்க ஆளுங்க இன்னும் உள்ள இருக்காங்க."