எண்பத்தைந்து வெட்டிய படம்

கன்னையனுக்குத் திருப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வேலை. படத்தைக் கழுவிக் காயப்போடுவான். கட்டியிலிருந்து டாக்டர் வெட்டியெடுத்த துண்டை மருந்துப் பாட்டிலில் போட்டு, பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய், அதைச் சோதித்துச் சொல்லும் பெத்தாலஜி டாக்டரிடம் கொடுப்பான். சூதுவாது தெரியாத ஆள். யார் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல வாய் வராது. அந்த வாய்தான் கடைசியில் அவனைக் கெடுத்தது.

மச்சான் மயில்சாமிக்குப் பனியன் கம்பெனியில் பண்டல் கட்டும் வேலை. பண்டல் மேல் அளவு நம்பர் அடிக்க, நம்பரை வெட்டிய தகடு வேண்டும். பழைய எக்ஸ்ரே படத்தைவிடத் தோதான தகடு உண்டா? மையில் ஊறாது, மடங்காது. மூலையில் கிடக்கும் பழைய படங்களைக் கன்னையன் சும்மாவே கொடுப்பான்.

1966 ஆடியில் ஊத்துக்குளி மாரக்காள் வந்தாள். பத்தொன்பது வயசு. ஒரு மாதத்துக்கு முன் எருமை தொடையில் உதைத்திருக்கிறது. வீக்கம் வடியாமல் கல்லாய் இறுகி வளர்ந்தது. டாக்டர் படம் எடுத்தார். கட்டியின் நடுவிலிருந்து துண்டும் எடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று. பாட்டிலைக் கட்டுவதற்காகக் கன்னையன், கூடவே கொண்டுபோக வேண்டிய படத்தைப் பழைய படங்களின் மேல் வைத்தான். வைத்தவன் மறந்துபோனான். பாட்டில் மட்டும் கோயமுத்தூர் போனது. மறுநாள் மயில்சாமி வந்து மேலே இருந்ததை உருவிக்கொண்டு போனான்.

நாலாம் நாள் பெத்தாலஜி டாக்டரின் கடிதம் வந்தது. துண்டு எலும்புப் புற்று மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அடிபட்ட சதைக்குள் எலும்பு முளைத்தாலும் நடுப்பகுதி இப்படியே இருக்கும். அது தானாக அடங்கிவிடும். கட்டிக்கும் தொடை எலும்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால் புற்று இல்லை; அதைப் பார்க்க வேண்டும், படத்தை அனுப்புங்கள் என்றிருந்தது.

கன்னையன் மூலையைப் புரட்டிப் பார்த்தான்; படம் இல்லை. கம்பெனிக்கு ஓடினான். படத்தில் 85 என்று வெட்டி, கறுப்பு மை அப்பிக் கிடந்தது. இதை எந்த முகத்தோடு டாக்டரிடம் நீட்டுவது? வேலை போய்விடுமே! வெறுங்கையோடு திரும்பினான்.

"படம் எங்கே, கன்னையா?"

"பஸ்ஸுல தவறிப்போச்சுங்க."

பொய் சொல்லிவிட்டான், பாவி! "நான்தான் பார்த்தேனே, எலும்போடு ஒட்டித்தான் இருந்தது" என்று டாக்டர் வேறு படம் எடுக்காமல் ஞாபகத்திலிருந்தே எழுதிப் போட்டார். அப்படியானால் புற்றுதான் என்று பதில் வந்தது. காலை எடுக்கும் முந்தின நாள் மாரக்காள் கன்னையனைக் கூப்பிட்டாள்.

"ஒத்தக் கால்ல குந்தவச்சுப் பால் கறக்க முடியுமுங்களா, அண்ணா?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தொடையோடு காலை எடுத்தார்கள்.

எடுத்த காலையும் கோயமுத்தூர் கொண்டுபோனவன் அவனேதான். அங்கே கட்டியை முழுசாய் அறுத்துப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். புற்று இல்லை; அடிபட்ட சதையில் முளைத்த எலும்பு. டாக்டர் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். கன்னையனிடம், அது புற்றே இல்லை என்று ஒரே வரியில் சொன்னார். மாரக்காளின் அப்பனிடம், "இனிப் புற்று இல்லை" என்றதோடு சரி. அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றே கன்னையன் தகட்டை மச்சானிடம் கேட்டு வாங்கி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்தான். 85 மேலே இடுப்புப் பக்கம்தான் வெட்டியிருந்தது. கட்டி அப்படியே இருந்தது. கட்டிக்கும் எலும்புக்கும் நடுவே, கோடு போட்டாற்போல், கறுப்பாய் இடைவெளி.

அதற்கப்புறம் ஊரில் அவனுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. ஸ்டேஷனில், லாரியில், கடைவாசலில், எங்கே திரும்பினாலும் பண்டல் பண்டலாய் 85. ஒவ்வொன்றும் அவள் உடம்பு வழியாக அடித்தது என்று தோன்றும். பனியன் போடுவதையே விட்டுவிட்டான்.

அவளோ தை பிறந்தால் கட்டையூன்றி வந்துவிடுவாள், தூக்குப்போசி நிறைய வெண்ணெயோடு.

"அன்னிக்கு நீங்கதானுங்களே பாட்டலக் கொண்டுபோனீங்க. உங்க புண்ணியத்துல பொழச்சுக் கெடக்கறனுங்க, அண்ணா."

அந்த வெண்ணெயை அவன் உருக்கவும் மாட்டான், யாருக்கும் கொடுக்கவும் மாட்டான். அப்படியே இருந்து கெட்டுப்போகும்.

ஆறாவது வருஷத் தையில் அவனால் தாங்க முடியவில்லை. படத்தை எடுத்து நீட்டி, ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். மாரக்காள் அழவில்லை. அந்தக் கறுப்பு இடைவெளியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இந்தப் படம் கெடந்த கம்பெனி இங்கிருந்து எத்தன தூரமுங்க?"

"பத்து நிமிசம், அம்மிணி."

"நடந்தா?"

"நடந்தா" என்றான் கன்னையன்.