போர்டில் உட்கார்ந்த ஈ

கடைக்காரர் கொஞ்ச நாளாகவே இப்படித்தான். ஏதோ ஒரு அட்டைப்பெட்டியைக் கண்ணுக்கு அருகில் தூக்கிப் பிடித்து, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரே நிற்கும் ஆளுக்கு வேண்டியது ஒரு ஃபேன் பெல்ட். அது இவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. "ஒரு நிமிஷம் இருங்க. உங்க வண்டியில இசட்டு வர்ற சாமான் ஏதாவது இருக்கா?" என்கிறார். வந்தவர் வண்டிக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது என்று பதறித் திரும்பிப் பார்க்கிறார்.

வண்டிச் சாமான் விற்கும் கடை. கடைத்தெருவில் இவருக்குப் பெயர் 'பிரேக்கு'. அந்தப் பெயரைக் கொடுத்தது கடையின் போர்டு. ஆங்கிலத்தில், கொட்டை கொட்டையாக, பி, ஆர், ஈ, ஏ, கே என்று எழுதியிருக்கும். எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசியில் நிற்க வேண்டிய ஈ மட்டும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கண்டுபிடித்தவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவர். கட்டிய கணவரே அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கடையைப் பார்க்க வந்தவர், படியேறும் முன்பே நின்றுவிட்டார். "இப்படி எழுதினா உடைக்கிறதுன்னு அர்த்தங்க. இங்க வந்தா வண்டி உடையும்னு நீங்களே போர்டு வச்சிருக்கீங்க."

"பிரேக் பிடிச்சாப் போதாதா டீச்சர்? ஸ்பெல்லிங்கா வண்டிய நிறுத்துது?"

அன்று ஆரம்பித்த சண்டை, தலை நரைத்தும் தீரவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது என்று இவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் டீச்சர் தயாராக இருப்பார். "நாள் பூரா சும்மா ஈ ஓட்டிக்கிட்டுதான இருந்தீங்க? அப்படியே போர்டுல இருக்கற ஈயையும் கடைசிக்கு ஓட்டியிருக்கலாம்ல?" இவருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் போர்டை மாற்றியதில்லை. மாற்றினால் அப்புறம் எதை வைத்துத் திட்டுவாள் என்பது இவருடைய நியாயம்.

டீச்சருக்குத் திருத்தாமல் இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகை, சோப்பு உறை, பக்கத்து வீட்டு வாசலில் 'நாய் ஜாக்கிரதை' என்று ஆங்கிலத்தில் தொங்கிய பலகை, எதையும் விட்டுவைத்ததில்லை. திருத்தி முடித்ததும் அதன் பக்கத்தில் பேனா முனையால் இரண்டு தட்டு. பார்த்துக்கோ என்று அர்த்தம்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த டீச்சர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை அசைகிறது. கண் திறந்திருக்கிறது, ஆனால் அது எப்போதும் ஜன்னலில். நாம் பேசுவது புரிகிறதா என்று கேட்டால் டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். இவரை அரிப்பது அதுதான். "பேச வேணாம்ப்பா. என்னைத் திட்டக்கூட வேணாம். அவ உள்ளதான் இருக்கான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு," என்று பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் ஒருநாள் உடைந்துபோய்ச் சொன்னார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்தான் அலமாரியில் அந்த டப்பாவைப் பார்த்தாள். எழுத்துக் கட்டைகளை அடுக்கி வார்த்தை அமைக்கும் விளையாட்டு. டீச்சரை அதில் ஜெயித்தவர் கிடையாது. "தினம் ஒரு எழுத்து எடுத்துக்கோங்க சார். அந்த எழுத்து வர்ற வார்த்தையை அவங்க முன்னாடி அடுக்கி, வாயால சொல்லி, சைகையும் காட்டுங்க. ஏதாவது அசைவு வருதான்னு பார்ப்போம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வார்த்தைக்கு எங்கே போவது? இவருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதுதான். அதனால்தான் இந்தப் பெட்டி ஆராய்ச்சி.

ஜே-க்கு ஜாக் கிடைத்தது, எக்ஸுக்கு ஆக்ஸில். இசட்டுக்கு மெக்கானிக்தான் கைகொடுத்தான். "நாசில் இருக்கேண்ணே! அதுல ரெண்டு இசட்டு." க்யூவைத் தேடி அலுத்து உட்கார்ந்தபோது டார்க் ஸ்பானர் பெட்டி கண்ணில் பட்டது. இத்தனை வருஷம் 'டார்க், டார்க்' என்று விற்ற சாமானுக்குள் ஒரு க்யூ பதுங்கியிருந்திருக்கிறது. "அடத் திருட்டுப்பயலே!" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் கட்டில் மேசையில் கட்டைகளை அடுக்குவார். வைப்பருக்குக் கையை இப்படியும் அப்படியும் வீசிக் காட்டினார். ஜாக்குக்கு நாற்காலியையே தூக்கிக் காட்டினார், இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுத்துவிட்டது. அதை இவர் யாரிடமும் சொல்வதில்லை. குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டி, பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு வைத்துவிட்டுக் கடைக்கு வந்தால் அங்கே எல்லாரும் ஒரே கேள்வி. "டீச்சர் எப்படி இருக்காங்க?" இவரும் ஒரே பதில். "இருக்காங்க."

போன வாரம் அந்தப் பயிற்சிப் பெண் இவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சார், அடுத்த தடவையும் இப்படியே இருந்தா இதை நிறுத்திடலாம். அவங்களுக்கு எட்டலைன்னுதான் நினைக்கிறேன். நீங்க வேற உங்களைப் போட்டு வருத்திக்கிறீங்க." இவர் தலையை ஆட்டினார். உள்ளே வந்து டப்பாவை மூடி வைத்தார். மறுநாள் திரும்பவும் திறந்தார்.

இன்றைக்குக் கே. சுலபம் என்று நினைத்தார். க்ளட்ச், கேபிள், கார்புரேட்டர், வாயைத் திறந்தால் எல்லாம் 'க'தானே! பெட்டியைப் பார்த்தால் எல்லாம் சி. ஜாக்கில் ஒரு கே இருந்தது, அது ஏற்கெனவே செலவாகிவிட்டது. சலித்துப்போய் ஷட்டரை இழுத்துவிட்டு அண்ணாந்தபோது, தலைக்கு மேலே போர்டில் ஒரு கே.

வீட்டில் வந்து அதையே அடுக்கினார். பழைய சண்டையெல்லாம் ஞாபகத்தில் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெம்பும் இல்லை. கை பழகிய வரிசையில் போட்டது. பி, ஆர், ஈ, ஏ, கே.

"பிரேக்கு, டீச்சர். மிதிச்சா வண்டி நிக்கும்ல, அது." காலால் தரையை ஒரு மிதி மிதித்துக் காட்டினார். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "முடியலடி," என்றார். டீச்சர் என்று சொல்ல மறந்துவிட்டார்.

மேசையில் மரம் உரசும் சத்தம் கேட்டது.

விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார். இடது கையின் ஆள்காட்டி விரல், நடுங்கி நடுங்கி, ஈயை வரிசையிலிருந்து வெளியே இழுத்தது. ஏ-யைத் தாண்டியது. கே-யைத் தாண்டியது. கடைசியில் கொண்டுபோய் விட்டது. விரல் திரும்பி வந்து, நடுவில் விழுந்த இடைவெளியை மூட மற்ற இரண்டு கட்டைகளையும் நெருக்கித் தள்ளியது.

பிறகு மேசையில் இரண்டு தட்டு.