அதற்கும் பங்கு போகட்டும்

அறுவை மருத்துவர் செல்லமணி இறந்துபோன செய்தி வந்தபோது நான் தியேட்டரில் ஒருவருக்கு மயக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் போனை என் காதில் வைத்தார். "டாக்டரம்மா போயிட்டாக சார்" என்றார் செல்லமணியின் தங்கை. நோயாளியின் வயிறு திறந்து கிடந்தது. அழக்கூட நேரமில்லை. அந்த அம்மா எப்போதுமே இப்படித்தான், நேரம் காலம் பார்க்காமல் ஆளை வதைப்பார்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். காரைக்குடியில் எத்தனையோ வருடம் அவர் கத்தி பிடிக்க, நான் தலைமாட்டில் நின்று நோயாளியின் மூச்சைக் காத்தேன். திட்டில் பாதி எனக்குத்தான் விழுந்தது.

அரியக்குடிப் பக்கமிருந்து ஒரு விவசாயியைக் கூட்டி வந்தார்கள். சிறுநீரகத்தில் தேங்காய் அளவுக்குப் புற்றுநோய்க் கட்டி. ஆள் எலும்பும் தோலுமாக இருந்தார். மகன் பெருமையாகச் சொன்னான்: "சோறு, பால், முட்டை எதையும் கண்ணுல காட்டலை டாக்டரம்மா. வேப்பிலைச் சாறு மட்டுந்தான். கட்டி பட்டினியில சாகட்டும்னு." அடுத்த நொடி அவன் சட்டைக் காலர் டாக்டரம்மா கையில் இருந்தது. அவ்வளவு பெரிய ஆளைச் சுவரோடு வைத்து அழுத்தினார்.

"அது உன் வீட்டுச் சோத்துப் பானையைப் பாத்துக்கிட்டாடா உக்காந்திருக்கு? உங்கப்பன் ரத்தத்துல வாயை வச்சிருக்குடா! நீ சோத்தை நிறுத்தினா அந்த மனுசன் தொடைச் சதை கரைஞ்சு அதுக்குத் தீனியாப் போகும். சாகப்போறது கட்டி இல்லை, உங்கப்பன்!"

பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்து அவனுக்கு விளக்கினார். கட்டி கொஞ்சம் பெரிதானதும் சில ரசாயனங்களைச் சுரந்து பக்கத்து ரத்தக்குழாய்களைத் தூண்டும். அவை கிளைவிட்டு அதற்குள் நுழையும். சர்க்கரை, புரதம், பிராணவாயு எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். "அடுத்தவன் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்புற பய அது" என்றார். அது சும்மா வந்த பேச்சில்லை. கண்மாய்த் தண்ணீர்த் தகராறில் அவர் அப்பாவை மடையிலேயே அரிவாளால் வெட்டிப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட உடுப்போடு ஓடிப்போய்ப் பார்த்தவர் அவர்.

விவசாயிக்குச் சோறும் முட்டையும் கறியும் கொடுத்து உடம்பைத் தேற்றிய பிறகே மேஜையில் ஏற்றினோம். கட்டி வளர்த்துக்கொள்ளும் குழாய்கள் கோணல்மாணலானவை, சுவர் மெலிந்தவை, தொட்டால் கிழியும். ஒன்று கிழிந்து டாக்டரம்மாவின் கண்ணாடியில் ரத்தம் பீய்ச்சியடித்தது. ரத்த அழுத்தம் சரிந்தது. நான் கத்தினேன். "கத்தாதய்யா, ரத்தத்தை ஏத்து! மடையை அடைக்காம வரமாட்டேன்" என்றவர், கண் தெரியாமலே கையை உள்ளே விட்டு, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயை விரலால் நசுக்கிப் பிடித்தார். பிறகு முடிச்சுப் போட்டார். கட்டி வெளுத்தது. "சாவுடா" என்றார் பல்லைக் கடித்தபடி. அப்பாவை வெட்டியவனிடம்தான் அதைச் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். அந்த விவசாயி இப்போதும் வயலில் இறங்குகிறார்.

கடைசியில் அவருக்கே கணையத்தில் கட்டி வந்தது. பெரிய ரத்தக்குழாய்களைச் சுற்றி இறுகியிருந்ததால் கத்தி வைக்க முடியவில்லை. பசி செத்துப்போனது. கஞ்சியோடு போனேன். கிண்ணத்தைப் பிடுங்கி என் முகத்தில் எறிந்தார். புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. எனக்கும் வெறி வந்துவிட்டது. "அந்தப் பயல் காலரைப் பிடிச்சீகளே, இப்ப உங்க காலரை யாரு பிடிக்கிறது? பட்டினி கிடந்து யாரைக் கொல்லப் போறீக?" என்று கத்தினேன்.

சிரித்துவிட்டார். "நான் திங்கிறதுல அதுக்கும் பங்கு போகும்யா. போகட்டும். எனக்கும் பங்கு வேணும்ல? ஊத்து" என்றார். மீண்டும் கஞ்சி ஊற்றி, ரத்தம் வழிய வழிய ஊட்டினேன். சில வாய்தான் இறங்கியது. அது அவரைக் காப்பாற்றாது என்று இருவருக்குமே தெரியும்.

செய்தி வந்த அன்று ஆபரேஷனை முடித்துவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சோறு தின்றேன். உடலை எடுக்கும்வரை எங்கள் பக்கம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பிறகு சாவு வீட்டுக்குப் போனபோது என் சட்டையில் குழம்புக் கறையைப் பார்த்த தங்கை, "தின்னுட்டா வாரீக?" என்று சீறினார். "ஆமாம்மா. இல்லைன்னா உங்க அக்கா எந்திரிச்சு அடிப்பாக" என்றேன். அதன்பிறகுதான் அந்தப் பெண் வாய்விட்டு அழுதது.

அவர் எனக்கு விட்டுப்போனது புருவத்தில் ஒரு தழும்பு. நேற்று வார்டில் ஒரு மகள், கட்டி வளர்ந்துவிடுமென்று தன் தாயைப் பட்டினி போட்டிருந்தாள். ஓங்கிச் சுவரில் அறைந்தேன். கை வீங்கிவிட்டது. "போய்ச் சோறு கொண்டா" என்றேன்.